புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா? பக்கவிளைவைக் கவனித்து, எழுதி, டாக்டரிடம் சொல்ல ஒரு முழு வழிகாட்டி

"இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலைண்ணா" என்று மருந்துக்கடைக்கு வருபவர்களிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். எந்த மாத்திரை? எந்தத் தேதியில் ஆரம்பித்தீர்கள்? தொந்தரவு எந்தத் தேதியில் வந்தது? குடியாத்தமோ ஆற்காடோ காட்பாடியோ, மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவர் அபூர்வம். "சின்னதா வெள்ளையா இருக்கும், போன மாசமோ அதுக்கு முன்னயோ ஆரம்பிச்சது" என்பார்கள். கடையில் இருக்கும் மாத்திரைகளில் பாதி சின்னதாக வெள்ளையாகத்தான் இருக்கின்றன.

பக்கவிளைவைக் கண்டுபிடிப்பதில் பெரும்பகுதி தேதிக் கணக்குதான். அதனால் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் எல்லா மருந்துகளையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

தேவையானவை: ஒரு நோட்டு, பழைய மருந்துச் சீட்டுகள், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகள். பிரஷர் மாத்திரையை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, சித்த மருந்து, லேகியம், கஷாயம், கண் சொட்டு மருந்து, மாதம் ஒருமுறை போடும் ஊசி எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரே ஆள் ஊரில் உள்ள கிளினிக்கில் ஒரு சீட்டு, வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு வைத்திருப்பார். போதாததற்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். ஒரு சீட்டில் இருப்பது இன்னொரு டாக்டருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த மாத்திரை மெட்ஃபார்மின் என்ற சுகர் மருந்து. கிளினிக்கில் எழுதியது கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள பெயர்கள் வேறு வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். வயிற்றுப்போக்கு வந்ததும் மருந்து மேல் பழி விழுகிறது. தப்பு மருந்தில் இல்லை, இரட்டை அளவில் இருக்கிறது.

ஆகவே பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் கடைக்காரரிடம் காட்டி, எதுவும் இரண்டு முறை வருகிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று: அட்டையைக் கத்தரிக்கும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசி வரை விட்டு வையுங்கள். எட்டாவது படியில் அது வேண்டும். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைப்பவர்கள் காலி அட்டையையாவது தூக்கி எறியாமல் இருக்கலாம்.

2. விழுங்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

இன்றைய தேதி, புது மருந்தின் பெயர், அளவு, எதற்காக, எந்த வேளை. அதற்குக் கீழே இப்போது உடம்பில் ஏற்கெனவே இருக்கும் தொந்தரவுகள்: இருமல், கால் வீக்கம், தலைசுற்றல், மலச்சிக்கல், தூக்கமின்மை, அரிப்பு, காலில் எரிச்சல். பிரஷர், சுகர், எடை தெரிந்தால் அதையும் சேருங்கள். முன்பு ஏதாவது மருந்தில் உடம்பு தடித்தது, முகம் வீங்கியது என்றால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

இந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். இது இல்லாவிட்டால் ஒரு வாரம் கழித்து, ஆறு மாதமாக இருந்த கால் எரிச்சலும் புது மாத்திரையால் வந்ததாகவே தோன்றும்.

சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். "ஆரம்பத்தில் என்ன தொந்தரவு வரலாம்? என்ன வந்தால் அடுத்த வேளை போடாமல் உடனே வர வேண்டும்?" கூட்டத்தில் கேட்கத் தயங்குவார்கள். அரை நிமிட வேலை, கேளுங்கள்.

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பக்கவிளைவுகள் நீளமாக இருக்கும். எல்லாம் உங்களுக்கு வரப்போவதில்லை. 'மிகவும் சாதாரணம்' என்றால் பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வரக்கூடியது. 'அரிது' என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. 'மிகவும் சாதாரணம்', 'சாதாரணம்' என்ற முதல் இரண்டு வரிசைகளை மனதில் வைத்தால் போதும். முழுவதையும் படித்துவிட்டுப் பயத்திலேயே குமட்டல் வரவழைத்துக்கொள்பவர்கள் உண்டு.

3. நோட்டை மூடிவிட்டு ஓட வேண்டிய அறிகுறிகள்

இதை மருந்து ஆரம்பிக்கும் முன்பே வீட்டில் எல்லோரும் படித்துவிடுங்கள். நோயாளிக்கு நினைவு தப்பினால் மற்றவருக்குத்தான் தெரிய வேண்டும். கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரி. மூச்சு, நினைவு சம்பந்தப்பட்டது என்றால் 108.

உதடு, நாக்கு, முகம் வீங்குவது, மூச்சுத் திணறல், உடம்பு முழுக்கத் தடிப்போடு மயக்கம். இது பெரும்பாலும் மருந்து போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். எனாலப்ரில், ராமிப்ரில் வகைப் பிரஷர் மாத்திரைகளில் மட்டும் மாதக்கணக்கில் ஒழுங்காகப் போட்ட பிறகும் திடீரென்று உதடு, நாக்கு வீங்கலாம். "ஆறு மாசமா போடுறேன், இதனால இருக்காது" என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

காய்ச்சலோடு தோலில் சிவப்புத் திட்டு, வாய்ப்புண், கண் எரிச்சல், தோல் உரிதல். வலிப்புக்குத் தரும் கார்பமாஸெபின், ஃபெனிடோயின், லாமோட்ரிஜின், யூரிக் ஆசிடுக்குத் தரும் அலோபுரினால், சல்ஃபா மருந்துகள் ஆகியவற்றில் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும் ஆபத்து இது. ஆரம்பத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும். அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்திருந்தால் பொன்னான நாட்கள் போய்விடும். புது மருந்து ஆரம்பித்து சில வாரமே ஆகியிருக்கும்போது காய்ச்சலும் திட்டும் சேர்ந்து வந்தால், முதலில் டாக்டர், மற்றதெல்லாம் அப்புறம்.

கண் மஞ்சளாவது, கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, புதிதாக வலிப்பு, பேச்சுக் குழறல் ஆகியவையும் இந்த வரிசைதான்.

மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் போடுபவர்கள் கவனியுங்கள். மூட்டு வாதத்துக்கு அது வாரம் ஒரே ஒரு நாள் போடும் மருந்து. தவறித் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, "உடம்பு சூடாயிடுச்சு" என்று மோர் குடித்துக்கொண்டிருப்பது உயிருக்கே ஆபத்து. போட வேண்டிய கிழமையை அட்டை மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

4. முதல் மாதம், தினம் ஒரு வரி

தேதி, மருந்து போட்ட நேரம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, என்ன தொந்தரவு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். ஒன்றுமில்லை என்றால் 'சரி' என்று ஒரு சொல். வெற்று நாளையும் எழுத வேண்டும்; தொந்தரவு இல்லாத நாட்கள் எவை என்று தெரிந்தால்தான் இருக்கும் நாட்களுக்கு அர்த்தம் வரும்.

'சூடு', 'பித்தம்', 'ஒரு மாதிரியா இருக்கு' என்று எழுதாதீர்கள். சூடு என்றால் மூத்திர எரிச்சலா, வாய்ப்புண்ணா, கண் எரிச்சலா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு.

இந்த ஒரு மாதத்தில் வேறு எதையும் புதிதாக ஆரம்பிக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன வெந்தயப் பொடியும் புது மாத்திரையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பித்தால், வியாழக்கிழமை வரும் வயிற்றுப்போக்குக்கு யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்க முடியாது.

5. அடிக்கடி வரும் தொந்தரவுகளும் அவற்றின் காரணமும்

அம்லோடிபின் (பிரஷருக்கு). கணுக்காலில் வீக்கம், சாயங்காலம் அதிகம், இரண்டு காலிலும். மருந்து சின்ன ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் நீர் கசிந்து காலில் இறங்குகிறது. 5 மி.கி.யை விட 10 மி.கி.யில் அதிகம் பார்க்கலாம். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ டாக்டர் சரிசெய்வார். ஒரே காலில் மட்டும் வலியோடு வீக்கம் வந்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ அது வேறு விஷயம், அன்றே காட்டுங்கள்.

எனாலப்ரில், ராமிப்ரில். சளி இல்லாத வறட்டு இருமல், தொண்டையில் ஏதோ கிச்சுகிச்சு மூட்டுவது போல. சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். இருமல் மருந்து குடித்தால் நிற்காது. மருந்தை டாக்டர் மாற்றிய பிறகு ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். மாற்றிய மறுநாளே நிற்கவில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்ப வருவார்கள், பொறுமை வேண்டும்.

மெட்ஃபார்மின். குமட்டல், வயிற்றுப்போக்கு, வாயில் உலோகச் சுவை. சாப்பாட்டோடு போட்டு, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் பலருக்கு இது அடங்கிவிடும். மருந்தை மெதுவாக வெளிவிடும் எஸ்.ஆர். வகையில் வயிற்றுத் தொந்தரவு குறைவு. அந்த வகை மாத்திரையின் வெற்றுக்கூடு சில சமயம் மலத்தில் முழுசாக வரும். மருந்து ஏற்கெனவே உடம்பில் இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். வருடக்கணக்கில் போடுபவருக்குப் பாத மரமரப்பு கூடினால் சுகர் நரம்புக் கோளாறு என்று மட்டும் முடிவு கட்டாமல் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த மருந்து நாளடைவில் பி12 சத்தைக் குறைக்கக்கூடியது.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு. இவற்றில்தான் எனக்குப் பயம் அதிகம். சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் விழும்: வியர்வை, கை நடுக்கம், அகோரப் பசி, அப்புறம் குழப்பம். 70-க்குக் கீழே போனாலோ, பார்க்க மிஷின் இல்லாவிட்டாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆனால் கூட்டு மாத்திரையில் வோக்லிபோஸ் இருந்தால் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், ஏனென்றால் சர்க்கரையைக் குடலில் உடையவிடாமல் தடுப்பதே அந்த மருந்தின் வேலை. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருந்தே ஆக வேண்டும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகளில் இது அடிக்கடி இருக்கும். அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரையும் போடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வையை நம்புங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வயதானவருக்கு ஒருமுறை ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடி விழலாம் என்பதால், தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரியில் காட்டுவது நல்லது.

டி.பி. மருந்து. ரிஃபாம்பிசினால் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதில் கெடுதல் இல்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், இதே மருந்துகளால் கல்லீரல் பாதித்தாலும் மூத்திரம் அடர்நிறமாகும். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். வெள்ளையாக இருந்து பசியும் நன்றாக இருந்தால் சாயம் மட்டும்தான். கண் மஞ்சள், சாப்பாடே பிடிக்கவில்லை, வாந்தி என்றால் அன்றே காட்ட வேண்டும். எத்தாம்புட்டால் போடும்போது பார்வை மங்கினாலோ சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாவிட்டாலோ தாமதிக்காமல் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. கொழுப்புக்குத் தரும் அட்டோர்வாஸ்டாடினில் காரணமில்லாத தசை வலி வந்தால் சொல்லுங்கள். கூடவே மூத்திரம் கறுத்தால் அவசரம். அலர்ஜிக்குத் தரும் செட்ரிசினில் தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள். கிருமிக்குத் தரும் டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி உடனே படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

6. மருந்தா, வேறு ஏதாவதா?

எங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சித்திரை, வைகாசியில் பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் போடுபவர் வெயிலில் நடந்துவிட்டு வந்து எழுந்து நின்றால் தலை சுற்றுவது சகஜம். படுத்திருக்கும்போது ஒன்று, எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து ஒன்று என இரண்டு முறை பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வாந்தி, பேதி வந்த நாளில் நீர் மாத்திரை, எனாலப்ரில் வகை, மெட்ஃபார்மின் மூன்றையும் போடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நீர் வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்தைப் படுத்தும். அதன் மேல் கால் வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் வாங்கிப் போட்டால் ஆபத்து பல மடங்கு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வேலைக்குப் போகிறவருக்கு அரிப்பு வந்தால், எங்கே ஆரம்பித்தது என்று பாருங்கள். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் பட்டு வருவது பெரும்பாலும் கை, முன்கையில் தொடங்கும், லீவு நாளில் குறையும். மருந்தால் வருவது வழக்கமாக நெஞ்சு, முதுகில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தொடங்கிப் பரவும். இது துப்பு மட்டும்தான், தீர்ப்பு டாக்டருடையது. வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரமலான் நோன்பு இருப்பவர்கள் நோன்பு தொடங்க சில வாரம் முன்பே சுகர் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். காலை மாத்திரையை அப்படியே சஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு) மாற்றிக்கொண்டு, பகல் முழுக்கப் பட்டினி இருந்து, அஸர் (மாலைத் தொழுகை) நேரத்தில் சுகர் விழுவது மருந்தின் குறை இல்லை. நேரக் கணக்கு தப்பியது. சுகர் 70-க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

7. டாக்டரிடம் சொல்லும் வரை நீங்களாக நிறுத்தாதீர்கள்

மூன்றாவது படியில் சொன்ன ஆபத்துகள் இல்லையென்றால், நிறுத்தும் முன் டாக்டரைக் கேளுங்கள். அட்டெனலால் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சு வலியும் படபடப்பும் வரலாம். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு திரும்பும். பல வாரம் ஸ்டீராய்டு போட்டவர் திடீரென்று விட்டால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது சுரக்காமல் மயங்கி விழலாம். டி.பி. மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நிறுத்தித் தடிப்பு அடங்கிய பிறகு, "நிஜமாவே இதுதானா பார்ப்போம்" என்று வீட்டில் மறுபடி ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்கள். அலர்ஜி இரண்டாவது முறை முதல் முறையை விட மோசமாக வரலாம். இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

டாக்டர் முன் உட்கார்ந்ததும் கதையை ஆதியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நோட்டைப் பார்த்து இப்படிச் சொல்லுங்கள்: "சார், மூணாம் தேதி எனாலப்ரில் 5 ஆரம்பிச்சேன். பன்னிரண்டாம் தேதியிலிருந்து வறட்டு இருமல், சளி, காய்ச்சல் இல்லை. அதுக்கு முன்னாடி இருமல் கிடையாது. வேற புது மருந்து எதுவும் போடலை." அவருக்கு வேண்டியது அத்தனையும் இதில் வந்துவிட்டது.

வேறொரு டாக்டரிடம் "இருமல்" என்று மட்டும் சொன்னால் சிரப் கிடைக்கும். கால் வீக்கம் என்று மட்டும் சொன்னால் நீர் மாத்திரை கிடைக்கும். நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்து கெண்டைக்கால் இழுத்தால் அதற்கும் ஒன்று. ஒரு மருந்தின் தொந்தரவுக்கு இன்னொரு மருந்து என்று பை நிறைவதை வாரா வாரம் பார்க்கிறேன். புதிதாக எதை எழுதினாலும் "இது பழைய மாத்திரையால வந்திருக்குமா சார்?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

8. பதிவு செய்வது

டாக்டரிடம் சொன்னதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். இந்தியாவில் மருந்துப் பக்கவிளைவுகளைத் திரட்டுவதற்கென்றே ஓர் அரசுத் திட்டம் 2010-லிருந்து நடக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024, வேலை நாட்களில் அலுவலக நேரத்தில். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. இதற்கான கண்காணிப்பு மையங்கள் மருத்துவக் கல்லூரிகளில் இயங்குகின்றன, வேலூர் சி.எம்.சி.யிலும் ஒன்று உண்டு.

மருந்துதான் காரணம் என்று நிரூபித்த பிறகுதான் எழுத வேண்டும் என்பதில்லை. சந்தேகம் போதும். தனி ஒருவரின் தகவல் சின்னதாகத் தெரியும். ஒரே மருந்துக்கு ஒரே மாதிரித் தகவல் பல ஊர்களிலிருந்து வரும்போதுதான் அரிதான பக்கவிளைவு வெளியே தெரிகிறது. நோயாளியின் பெயர் வெளியிடப்படாது. நஷ்டஈடு கேட்கும் இடம் இது இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

படிவத்தில் கேட்பவை: நோயாளியின் பெயர்ச் சுருக்கம், வயது, மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி, ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி, தொந்தரவு தொடங்கிய தேதி, இப்போது எப்படி இருக்கிறது. நோட்டு இருந்தால் பத்து நிமிட வேலை. பேட்ச் எண் உள்ள அட்டைத் துண்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள், கூடுதல் விவரம் கேட்டால் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.